சிப்பி பதித்த பேஸ் கிட்டார்: விழிஞ்ஞம் கடற்கரையின் எழுதப்படாத ஒரு பக்கம்

2024 பிப்ரவரியில் ஒரு செய்தி உலகெங்கும் நாளிதழ்களில் வெளிவந்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுண்டு கொடுத்து வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார், 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடுபோனது. 51 ஆண்டுகளுக்குப் பின் அது இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் ஊரில் ஒரு வீட்டின் பரணில் கிடைத்து, உரியவரிடமே திரும்பிச் சேர்ந்தது. அக்கருவியைப் பற்றி ஏதேனும் நினைவிருப்பவர்கள் எழுத வேண்டும் என்று 2023-இல் விடுக்கப்பட்ட வேண்டுகோளுக்குப் பொதுமக்கள் அனுப்பிய சிறு சிறு தகவல்களே வழிகாட்டின.

அச்செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என்னிடமும் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. அதை யாரும் திருடவில்லை, நானே விற்றேன். விற்றதை, எனக்கு அதைத் தந்தவரிடம் அவர் இறக்கும்வரை பதின்மூன்று ஆண்டுகள் மறைத்தேன்.

மானிடவியலாளர் இகோர் கோபிடாஃப் 1986-இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில், மனிதருக்கு வாழ்க்கை வரலாறு இருப்பதுபோலப் பொருள்களுக்கும் உண்டு என்றும், ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் யார் கைக்குச் சென்றது, எப்போது விலைப்பொருளாயிற்று, எப்போது விலைக்கு அப்பாற்பட்டதாயிற்று என்று கேட்க வேண்டும் என்றும் வாதிட்டார். வகுப்பறையில் பலமுறை இக்கருத்தைக் கற்பித்திருக்கிறேன். என் சொந்தக் கருவியிடம் அக்கேள்விகளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அக்குறையைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

1. எழுதப்பட்ட விழிஞ்ஞம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டி அமைந்த விழிஞ்ஞத்துக்கு எழுத்துச் சான்றுகள் குறைவில்லை. ஆய் மன்னர்களின் துறையாக அது விளங்கியது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் கடல் சூழ்ந்த விழிஞக் கோட்டையை அழித்ததை அவனது சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. சோழர் காலத்தில் அவ்வூர் இராசேந்திரசோழப்பட்டினம் என்ற பெயரும் பெற்றது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞத்தின் வீழ்ச்சி குறிக்கப்படுகிறது.

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயிலொன்றும் அங்கே உண்டு. வெளிச்சுவரில் முற்றுப்பெறாத புடைப்புச் சிற்பங்கள். உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி. நரம்புக் கருவியொன்றை ஏந்திய அவ்வுருவத்தைச் சிறுவயதில் பள்ளி செல்லும் வழியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அண்மைக் காலத்துச் சான்றுகளும் பல. 1960-களில் மீன்பிடித் துறைமுகப் பணி தொடங்கியது. 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் அதன் அலைதடுப்புச் சுவரை ஒட்டி இயங்கத் தொடங்கியது. 2015 டிசம்பரில் புதிய பன்னாட்டுத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. 2022-இல் கடற்கரை மக்களின் நீண்ட போராட்டம் நடந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

செப்பேடு தொடங்கிச் சரக்குப் பெட்டகக் கப்பல்வரை, விழிஞ்ஞத்தின் வரலாறு துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வென்றவர் பெயர் உண்டு; கட்டியவர் பெயர் உண்டு. அத்துறையில் வாழ்ந்தவர்கள் மாலை வேளைகளில் என்ன செய்தார்கள், எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள், எதற்காகக் காசு சேர்த்தார்கள் என்பதற்குச் சான்று தேடினால் கை வெறுமையாகிறது. பொருள்களிடம் செல்ல வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

2. கருவியின் பிறப்பு

மேலை இசைக்குழுக்களில் அடிச்சுரத்தைத் தாங்கிவந்தது ஆளுயரத்தைவிடப் பெரிய டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வது கடினம். மின் கிட்டார்களும் முரசுகளும் முழங்கும் அரங்கில் அதன் ஒலி அமுங்கிப்போகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930-களின் நடுப்பகுதியிலேயே கிட்டார்போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய பிரிசிஷன் பேஸ்தான் இசையுலகை மாற்றியது. கழுத்தில் மெட்டுக்கட்டைகள் பதித்திருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்பதே அதன் பெயராகவும் ஆயிற்று. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வரலாற்றின் சுவையான முரண்.

நான்கு தந்திகள், அவற்றுள் மிகத் தடித்தது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அவ்வொலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். ஒரு சிறு வள்ளத்தின் நீளம் என்று கொள்ளலாம். மனிதச் செவி இத்தகைய தாழ்ந்த ஒலிகளை எளிதில் உணர்வதில்லை; உணர்த்துவதற்கு மிகுந்த ஆற்றலும் பெரிய ஒலிபெருக்கியும் வேண்டும். ஆகவே பேஸ் கிட்டார் தன்னந்தனியாக எவ்வூருக்கும் சென்று சேர்வதில்லை. மின்சாரம், ஒலிபெருக்கி, மேடை, குழு ஆகிய அனைத்தும் அதனுடன் வந்தாக வேண்டும்.

3. வளைகுடா வழி

இந்தியாவில் அக்கருவி எளிதில் கிடைக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே நுகர்பொருள் இறக்குமதி நெடுங்காலம் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1991-இன் சீர்திருத்தங்களுக்குப் பின்னரும் நுகர்பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் முழுமையாக விலக்கப்பட்டன. கொல்கத்தாப் பட்டறைகளில் செய்த கிட்டார்கள் தென்னாட்டுக் கடைகளுக்கு வந்தன. அயல்நாட்டுக் கருவி வேண்டுமாயின் யாரேனும் ஒருவரின் பயணப் பெட்டியில் அது வந்தாக வேண்டும்.

கேரளக் கடற்கரைக்கு அந்தப் பெட்டி வளைகுடாவிலிருந்து வந்தது. 1970-களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் தொடங்கிய பெயர்வு, கட்டுமரத்தில் சென்றவர்களையும் வானூர்தியில் ஏற்றியது. அவர்களுள் ஒருவர் என் தாய்மாமன். குமரிக் கடற்கரையில் பிறந்து, திருமணத்துக்குப் பின் விழிஞ்ஞத்தில் குடியேறியவர். பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பதில் தேர்ந்தவர். 1980-களில் சார்ஜாவில் ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டில் உதவியாளராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் வளைகுடா விடுதிகளின் இசைக்குழுக்களில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் பலர் வாசித்து வந்தனர். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் மேடைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்ததாம். "கதவை அடைச்சா பாட்டு கேட்காது மக்களே. ஆனா அந்த ஒரு சத்தம் மட்டும் கதவைத் தாண்டி வரும். பாத்திரத்தைப் பிடிச்ச கையில தெரியும்" என்று மாமா பிற்காலத்தில் சொன்னார். பேஸ் கிட்டாரைப் பற்றி இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த இசைநூலிலும் நான் படித்ததில்லை.

அக்குழுவில் ஒருவர் தாய்நாடு திரும்பியபோது தம் பழைய யமஹா பேஸ் கிட்டாரை விற்றார். மாமா இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது; வாசிக்கக் கற்றுக்கொள்ளவும் இல்லை. 1989-இல் ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மாமா இதைத் தோளில் சுமந்து வந்தார். அத்தை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் சிரிப்போடு சொல்லப்படும் செய்தி.

4. ஆலயமும் கானமேளாவும்

அக்கருவிக்கு விழிஞ்ஞத்தில் ஓர் இடம் முன்னரே உருவாகியிருந்தது. அதை உருவாக்கியது உரோமையில் நிகழ்ந்த ஒரு மாற்றம். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் தந்தது. குழலிசை ஆர்கனைச் சிறப்பாகப் போற்றிய அதே ஆவணம், தகுந்த அனுமதியுடன் பிற கருவிகளையும் பயன்படுத்தலாம் என்றது. இலத்தீன் மொழியில் நடந்த திருப்பலி எங்கள் கடற்கரையில் மலையாளத்திலும், குமரிக் கடற்கரையில் தமிழிலும் நடக்கலாயிற்று. மக்கள் மொழியில் பாட்டு வந்தது. பாட்டோடு ஆர்மோனியம், தபலா, அவற்றைத் தொடர்ந்து கிட்டார்.

இக்கடற்கரையின் கிறித்தவம் 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் முக்குவர் ஊர்களில் திருமுழுக்களித்த காலத்தில் வேரூன்றியது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்ந்த ஒரே சமூகத்தின் ஊர்கள் இரு மாநிலங்களுக்கு உரியவையாயின. ஆயினும் திருவிழாக்களுக்கு எல்லையில்லை. விழிஞ்ஞத்துப் பாடகர் குழு குமரியில் தமிழ்ப் பாட்டு வாசிக்கும். அங்குள்ளவர்கள் இங்கு வந்து மலையாளம் பாடுவார்கள்.

மற்றொரு களம் கானமேளா. கேரளத்துத் திருவிழா இரவுகளில் திரைப்பாடல்களை மேடையில் வாசிக்கும் அக்குழுக்கள், தமிழகத்து மெல்லிசைக் குழுக்களின் உடன்பிறப்புகள் எனலாம். 1980-இல் கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி படப்பிடிப்பு வளாகம், விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள திருவல்லத்தில் அமைந்தது. அதுவரை சென்னையை நம்பியிருந்த இசைத்தொழில் ஓரளவு தலைநகருக்கு வந்தது. கடற்கரை இளைஞர்களுக்கு இசை ஒரு பிழைப்பாகவும் ஆகக்கூடும் என்ற எண்ணம் அக்காலத்தில்தான் முளைத்தது.

பங்கு ஆலயத்தின் பாடகர் குழுவில் மூத்தவர் ஒருவர் மாமாவின் கருவியை நான்கு ஆண்டுகள் வாசித்தார். அவரும் வேலை தேடி வளைகுடாவுக்குச் சென்றபின், 1993-இல், பதினாறு வயதில் அது என் கைக்கு வந்தது. "வித்துடாதே. வேற என்ன வேணும்னாலும் செய்" என்பது மாமா இட்ட ஒரே நிபந்தனை.

5. உப்புக் காற்றில் நான்கு தந்திகள்

கடலோரத்தில் உலோகம் நெடுநாள் தாங்காது. புதுத் தந்தி மாட்டிய மூன்றாம் வாரத்தில் விரல் நுனி செம்பழுப்பாகும். ஒரு தொகுதி பேஸ் தந்தி வாங்கத் திருவனந்தபுரக் கடைகளில் அலைய வேண்டும்; அல்லது சென்னைக்குச் செல்லும் யாரிடமேனும் பணம் கொடுத்து, 1842-இல் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் இயங்கும் மியூசி மியூசிக்கல் கடையில் வாங்கிவரச் சொல்ல வேண்டும். எனவே பழைய தந்திகளைக் கழற்றி, மீன் அவிக்கும் அலுமினியச் சட்டியில் கொதிக்கவைத்து, துடைத்து, வெயிலில் உலர்த்தி மீண்டும் மாட்டுவோம். சுற்றுக்கம்பியின் இடுக்கில் ஏறிய அழுக்கு நீங்கி ஒலி சில நாள்களுக்குத் தெளியும். உலகெங்கும் வறிய பேஸ் வாசிப்பாளர்கள் இதையே செய்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒருமுறை சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டிப் பார்த்து, கழுத்து வளைந்துவிடுமோ என அஞ்சிக் கழற்றியதும் உண்டு.

இருண்ட மேடையில் மெட்டு இடங்களைக் காட்டும் பக்கப்புள்ளிகள் என் கருவியில் தேய்ந்து மறைந்திருந்தன. நான் தடுமாறுவதைக் கண்ட மாமா, தாம் எடுத்துவந்த சிப்பி ஓடுகளில் நன்கு மினுங்கிய ஒன்றைத் தேர்ந்து, அரத்தால் அராவி, நெற்பருக்கை அளவில் ஆறு துண்டுகள் செய்தார். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் மெட்டுகளில் ஒவ்வொன்று. பன்னிரண்டாம் மெட்டில் இரண்டு. கழுத்தின் ஓரத்தில் நுண்ணிய குழி தோண்டிப் பசை வைத்துப் பதித்தார். எத்தொழிற்சாலையிலும் செய்யப்படாத அந்நீலவெண் மினுக்கத்தால் அது உலகில் வேறெந்த யமஹாவையும் ஒத்திராத ஒரு கருவியாயிற்று. விலைப்பொருள் ஒன்று விலைக்கு அப்பாற்பட்டதாகும் கணம் என்று கோபிடாஃப் கூறுவதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். பெயர் தெரிந்துகொள்ளப் பத்தாண்டுகள் ஆயின.

என் ஆசிரியர் ஒலிநாடா. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு பாட்டாகவே அமைந்திருக்கும். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய அவரது திரைப்பயணத்தில் எத்தனையோ பாடல்களுக்குப் பேஸ் வாசித்தவர் சசிதரன். அப்பெயரை நான் அறிந்தது முப்பது வயதைக் கடந்த பின்னரே. அக்கால ஒலிநாடா உறைகளில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஏ.ஆர். ரகுமான் தம் இசைத்தொகுப்புகளின் உறைகளில் கருவி இசைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்த பின்னர்தான் கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் வாசிப்பாளரின் பெயர் எங்களைப் போன்றோருக்குத் தெரிந்தது. வரலாற்று மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு தலைமுறையின் திரையிசையைத் தாங்கி நின்றவர்களை அறிவதற்கு, அச்சடித்த உறை என்னும் முதன்மைச் சான்று நமக்கு உதவாது.

எங்கள் வீட்டுச் சிறிய ஒலிநாடாக் கருவியில் அடிச்சுரம் முழுமையாக ஒலிக்காது. மேலே மிதக்கும் சாயலைக் கேட்டு, அடியில் இருப்பதை ஊகித்து வாசிக்க வேண்டும். திருவிழா மேடையிலும் இதே நிலைதான். வெளியே தென்னைமரங்களில் கட்டிய புனல் ஒலிபெருக்கிகள் மனிதக் குரலுக்கு ஏற்றவை; 41 அதிர்வில் எழும் ஒலியை அவற்றால் தர இயலாது. ஆலயத்தின் உள்ளே இருப்போர் மட்டுமே என் வாசிப்பைக் கேட்பர். வெளியே மணலில் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோருக்கு அப்படியொருவன் வாசிக்கிறான் என்பதே தெரியாது. இது குறித்து நான் வருந்திய நாளில் மாமா சொன்னார்: "நீ நிறுத்திப் பாரு. அப்போ தெரியும்." நடுப்பாட்டில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். பாடகர்கள் அனைவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தனர்.

மாலைகளில் அலைதடுப்புச் சுவரின்மேல் நடந்து அலைமின் நிலையம்வரை செல்வேன். கடலுக்குள் இறக்கிய பெரிய கான்கிரீட் அறையினுள் அலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளிழுக்கப்படும், அக்காற்று சுழலியைச் சுழற்றும். ஒலிபெருக்கி செய்வதன் மறுதலை இது. அங்கே கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இங்கே கடல் தள்ளுகிறது. அவ்வறை மூச்சுவிடும் முழக்கம் காதுக்கு எட்டுமுன் காலடியில் உணரப்படும். பாத்திரத்தைப் பிடித்த கையில் மாமா உணர்ந்தது என்னவென்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

6. விற்பனை

2003-இல் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்ய எனக்குப் பணம் தேவைப்பட்டது. வீட்டில் கேட்கும் நிலை இல்லை. அவ்வாண்டு கடல் எங்களுக்கு எதுவும் தரவில்லை. நெய்யாற்றின்கரையில் கானமேளாக் குழுவொன்றில் வாசித்த ஒருவரிடம் 5,500 ரூபாய்க்கு விற்றேன். பயணப்பையுடன் சேர்த்துக் கொடுத்தேன். அதன் உட்புறத்தில் வானூர்திச் சுமைச் சீட்டின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. வரலாற்று ஆய்வு மாணவனாகப் பதிவு செய்வதற்காக, என் வீட்டிலிருந்த ஒரே வரலாற்று ஆவணத்தை விற்றேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு ஊர் செல்லும்போது மாமா கேட்பார்: "மக்களே, அது பத்திரமா இருக்கா?"

"இருக்கு மாமா. விடுதி அறையில வச்சிருக்கேன்."

"வாசிக்கிறியா?"

"வாசிக்கிறேன் மாமா."

2016-இல் அவர் மறைந்தார். இறுதி நாள்களில் ஒருமுறை அவர் கேட்காமலே என் கையைப் பிடித்து, இடக்கை விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். தந்தி அழுத்துவோருக்குக் காய்த்திருக்கும் இடம் அது. என் விரல்கள் மென்மையாக இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

7. தேடல்

ஹேஸ்டிங்ஸ் செய்தி வந்த மறுவாரம் தேடத் தொடங்கினேன். என்னிடம் தொடரெண் இல்லை, ரசீது இல்லை, மங்கிய ஒரு நிழற்படம் மட்டும் இருந்தது. நெய்யாற்றின்கரை நண்பர் இன்றும் இசைத்துறையில் இருக்கிறார். இறக்குமதித் தடைகள் நீங்கியபின் கிழக்காசியத் தயாரிப்புகள் மலிந்தபோது, 2008-இல் புதிய ஐந்து தந்திக் கருவி வாங்குவதற்காகப் பழையதை மாற்றாகக் கொடுத்துவிட்டார். அதைப் பெற்றவர் நாகர்கோவிலில் கருவி பழுதுபார்ப்பவர். முதியவரான அவர் பெயர்களை மறந்திருந்தார். "ஓரத்துல சிப்பி வச்சது" என்றதும் நிமிர்ந்தார். குமரி மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவச் சிற்றூரின் ஆலயப் பாடகர் குழுவுக்குக் கொடுத்ததாகச் சொன்னார்.

2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூருக்குச் சென்றேன். எதிர்பாராத வகையில், மாமா பிறந்த ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது அது. திருப்பலி முடியும்வரை பின்வரிசையில் நின்றேன். பேஸ் வாசித்தவர் பதினேழு வயதுப் பெண். எங்கள் காலத்துப் பாடகர் குழுக்களில் பெண்கள் பாடுவார்கள். மின்கருவியை நான் அறிந்தவரை எவரும் அவர்களிடம் கொடுத்ததில்லை. உடல் மீண்டும் வண்ணம் பூசப்பட்டிருந்தது. முறுக்காணிகளில் இரண்டு வேறாக இருந்தன. கழுத்தின் ஓரத்தில் ஐந்து சிப்பித் துண்டுகள் இருந்தன. ஒன்பதாம் மெட்டில் மட்டும், விழுந்த சிப்பிக்குப் பதிலாக ஒரு துளி வெள்ளை நகப்பூச்சு.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் குழுவினர் முகத்தில் ஒரு கலக்கம் தோன்றியது. கருவியைத் திருப்பிக் கேட்பேனோ என்ற அச்சம். பாடகர் குழுப் பொறுப்பாளர் மெல்லச் சொன்னார்: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபின், அக்கடற்கரையில் வாரக்கணக்கில் நினைவுத் திருப்பலிகள் நடந்தன. உடல் கிடைக்காதோருக்கும் பாட்டு வேண்டும். மேளம் வேண்டாம் என்று வீட்டார் சொல்லும் இடங்களில் இக்கருவி ஒன்றே குரலுக்குத் துணையாக வாசிக்கப்பட்டது. அப்போது வாசித்தவரின் தங்கைதான் இப்பெண்.

கேட்பதற்காக நான் செல்லவில்லை, அதைச் சொன்னேன். ஒருமுறை கையில் வாங்கினேன். தடித்த தந்தியை மட்டும் ஒருதரம் மீட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்தச் சிப்பி கம்பெனியில வச்சது இல்லையா சார்?" என்று அப்பெண் கேட்டார். விழிஞ்ஞத்துப் பாறை, அரம், பசை, என் மாமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து அனைத்தையும் எழுதினார்: வாங்கிய ஊர், கொண்டுவந்த ஆண்டு, மாமாவின் பெயர், என் பெயர், நெய்யாற்றின்கரை, நாகர்கோவில். கீழே தம் அண்ணன் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து, பயணப்பையின் உட்புறத்தில் வைத்தார். பை பழைய பைதான். சுமைச் சீட்டின் துண்டு இன்னும் ஒட்டியிருந்தது.

8. மாணவர்களுக்கு

ஒரு கருவியின் பயணத்தில் கலிபோர்னியாவின் புத்தாக்கம், உரோமையின் ஆவணம், புது தில்லியின் இறக்குமதிச் சட்டம், சார்ஜாவின் சமையற்கட்டு, சென்னையின் ஒலிப்பதிவுக் கூடம், பிரிக்கப்பட்ட ஒரு கடற்கரை, ஒரு புயல் ஆகிய அனைத்தும் வந்து சேர்கின்றன. இவற்றுள் பெரியவை ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று கோத்த சிறிய செய்திகள் மனிதரின் நினைவில் மட்டுமே இருந்தன. அவற்றைச் சொல்லக்கூடியவர்களுள் முதன்மையானவரை நான் கேட்காமலே இழந்தேன். 27 ஆண்டுகள் அவர் எனக்கு அருகில் இருந்தார். அவரிடம் நான் பொய் சொன்னதைவிட, கேள்வி கேட்காமல் இருந்ததே ஆய்வாளன் என்ற முறையில் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

விழிஞ்ஞத்தில் இன்று பெருங்கப்பல்கள் வந்து நிற்கின்றன. அத்துறைமுகத்தின் வரலாறு நாள்வாரியாக எழுதப்பட்டு வருகிறது; அதற்கு ஆள்கள் உண்டு. பழைய வீடுகள் இடம்பெயரும்போது பரணிலிருந்து இறக்கப்படும் ஆர்மோனியம், தோல் கிழிந்த தபலா, கழுத்து வளைந்த கிட்டார், கையால் பெயரெழுதிய ஒலிநாடா ஆகியவற்றைப் பதிவு செய்யத்தான் ஆளில்லை. கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள் தம் வீட்டிலுள்ள ஓர் இசைக்கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கினார், எந்தக் காசில் வாங்கினார், யாரிடமிருந்து யாரிடம் சென்றது, எங்கே பழுதாயிற்று, யார் செப்பனிட்டார் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். கருவியின் பையிலேயே ஒரு படியை வையுங்கள்.

பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் அவ்வாறு எழுதத் தெரிந்த ஒருவரிடம் என் மாமாவின் கிட்டார் இருக்கிறது. மாமா இன்று கேட்டால் என்னால் பொய்யின்றிச் சொல்ல முடியும்: பத்திரமாக இருக்கிறது மாமா, வாசிக்கிறார்கள்.